ஏரிக்கரையில் ஒரு ஜோடித் தாள்

6

“ரெண்டு மணி நேரம்,” என்றாள் ஹம்சா. “அஞ்சரைக்கு இருட்டிடும். அப்புறம் பனி. உங்க தம்பி இன்னொரு ராத்திரி வெளியில கிடந்தா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. நேத்து சாயங்காலம் நீங்க இங்க வந்தப்ப என்ன பார்த்தீங்க சார்?”

“காரைப் பாத்தேன். பூட்டிக் கிடந்தது. கரைமேல நின்னு ரெண்டு சத்தம் கொடுத்தேன். திரும்பிட்டேன்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

என் கை கோட்டின் உள்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

நஜஃப்கர் ஏரியின் தென்கரையில், பறவை பார்க்க வருகிறவர்கள் நிற்கும் மண்மேட்டில் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தோம். கீழே என் தம்பி செந்தில்குமாரின் பழைய வெள்ளை மாருதி நேற்று நின்ற இடத்திலேயே நின்றது. ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் லோதி ரோடு குவார்ட்டர்ஸிலிருந்து கிளம்பியவன். ஒவ்வொரு ஜனவரியிலும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு உண்டு. பத்து வருஷமாக இந்த ஏரி அவன் பொறுப்பு. மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறேன் என்றவன் வரவில்லை. செல்போன் அணைந்து கிடந்தது. தினம் இரண்டு வேளை இன்சுலின் போடுகிறவன். மருந்து வீட்டு ஃபிரிட்ஜில் இருந்தது. இன்று திங்கட்கிழமை, மணி மூன்றரை.

நான் அவனுக்குப் பதினாறு வயது மூத்தவன். அம்பாசமுத்திரத்தில் அப்பா கண்ணை மூடிய நாளிலிருந்து அவனுக்கு அப்பாவும் நான்தான். போலீஸ் வேண்டாம் என்றது நான். எங்கள் குடும்பத்தில் ஒருவர்கூடக் காவல் நிலையத்துப் படி ஏறியதில்லை, புகார் கொடுக்கக்கூட. அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம் அவன் அவசரமாக ஊருக்குப் போயிருப்பதாகச் சொன்னேன். அவன் மனைவி அகல்யா ஒரு ராத்திரி பொறுத்தாள். காலையில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் துப்பறியும் ஏஜென்சி நடத்தும் ஹம்சாவுக்கு போன் செய்துவிட்டாள். என்னைக் கேட்காமல் எங்கள் வீட்டில் நடந்த முதல் காரியம் அது. வேறு வழியில்லாமல் நானும் உடன் வந்தேன்.

“ஜம்பு, சார்கிட்ட மாற்றுச் சாவியை வாங்கி, கார்ல இருக்கறதை எல்லாம் மேல கொண்டு வா.”

“எல்லாமா மேடம்? ஸ்டெப்னியுமா?”

ஜம்பு அவளுடைய உதவியாளன். ஐம்பது வயது, ஐந்தடி உயரம். இருபத்திரண்டு வருஷம் டில்லி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். வரும் வழியிலேயே என்னிடம் சொல்லியிருந்தான்: “டில்லி பஸ்ல டிக்கெட் எடுக்காதவனைப் பிடிச்சவனுக்குக் கொலைகாரன்லாம் ஜுஜுபி சார்.” கேட்கப் பிடிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“உங்க தம்பியோட டாக்டர் நம்பரை எழுதிக் கொடுங்க சார்,” என்றாள் ஹம்சா.

என் டைரியின் கடைசித் தாளில் எழுதினேன். தாளை மடித்து, மடிப்பின்மேல் கட்டைவிரல் நகத்தை இரண்டு முறை இழுத்து, கிழித்துக் கொடுத்தேன். முப்பத்தாறு வருஷச் செக்ரடேரியட் பழக்கம்.

“சார் கிழிச்சா பிளேடு கம்பெனிக்காரன் பிச்சை எடுக்கணும்,” என்றான் டெலஸ்கோப்பைச் சுமந்துகொண்டு ஏறிய ஜம்பு.

ஹம்சா அந்தத் தாளின் விளிம்பை ஒரு கணம் பார்த்தாள். பிறகு பைக்குள் வைத்துக்கொண்டாள்.

முக்காலி, டெலஸ்கோப், ஃபிளாஸ்க், நீல அட்டை போட்ட நூல்தைத்த நோட்டு, ஒரு ஸ்டீல் டம்ளர். இவ்வளவுதான் காரில் இருந்தவை. பைனாகுலரை மட்டும் காணவில்லை.

“அப்ப நடந்துதான் போயிருக்கார்,” என்றாள். “கனமானதைக் காருல வச்சுட்டு, லேசானதை எடுத்துக்கிட்டு. திரும்பி வர்ற நினைப்போட. ஓடிப்போறவர் காரை விட்டுட்டு ஏன் போகணும்?”

“அவன் ஓடிப்போகிறவன் இல்லை,” என்றேன். என் குரல் எனக்கே உறுதியாகக் கேட்கவில்லை.

அவள் ஃபிளாஸ்க் மூடியை மோந்து பார்த்தாள். பிறகு டம்ளரை.

“ரெண்டுலயும் டீக் கறை.”

“ரெண்டு தடவை குடிச்சிருப்பான்.”

“ஒவ்வொரு தடவைக்கும் புது டம்ளரா?” என்றான் ஜம்பு. “எங்க வீட்டுல அப்படிக் குடிச்சா டம்ளரோட சேர்த்து என்னையும் தேய்ச்சுக் கவுத்திடுவா.”

“முக்காலியை நிறுத்து ஜம்பு. காலை இழுக்காத. நேத்து எந்த அளவுல நீட்டி வச்சிருந்தாரோ அப்படியே.”

நிறுத்தினான். டெலஸ்கோப்பை மாட்டினான். மாட்டியவன் அப்படியே கண்ணை வைத்தான், குனியவில்லை, எக்கவில்லை.

“அடடே, எனக்காகவே தைச்ச மாதிரி இருக்கு மேடம்!”

“உங்க தம்பி என்ன உயரம் சார்?”

“ஆறடி. எங்க வம்சமே உசரம்.”

“ஆறடி ஆள் இதுல பார்க்கணும்னா மண்டி போடணும். கடைசியா இதுல பார்த்தது ஜம்பு அளவு உள்ள ஒருத்தர்.” அவள் என் முகத்தைப் பார்த்தே பேசினாள். “உங்க தம்பி நேத்து தனியா இல்லை.”

“சிநேகிதன் ஷங்கரோடதான் எப்பவும் வருவான். ஷங்கர் காய்ச்சல்ல படுத்திருக்கான். அகல்யாதான் காலையில சொன்னாளே.”

“சொன்னாங்க. அதனாலதான் வேற யாருன்னு கேக்கறேன்.”

நான் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஏரி முழுக்கப் பறவைகள் கத்திக்கொண்டிருந்தன. கரையோரச் சேற்றில் நெடுங்கால் உள்ளான்கள் சிவந்த கால்களைத் தூக்கித் தூக்கி வைத்தன. இதைப் பார்க்கத்தான் அவன் வருஷா வருஷம் வருகிறான். ஒருமுறைகூட நான் உடன் வந்ததில்லை. குரூப் பி அதிகாரி வாத்து எண்ணுகிறான் என்று வெளியில் சொல்லிக்கொள்ளவும் எனக்கு விருப்பமிருந்ததில்லை.

“மேடம், ஹவுஸ்ஃபுல்!” ஜம்பு டெலஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கருப்பா, நெத்தியில வெள்ளையா நாமம் போட்டுக்கிட்டு ஆயிரம் பேர். ஃபுட்போர்டு வரைக்கும் கூட்டம். அந்தப் பக்கத்துக் கரையில இடிஞ்ச கட்டடம் ஒண்ணு இருக்கு பாருங்க, அதுக்கு முன்னாடி மட்டும் சீட்டு காலி. லேடீஸ் சீட்டு போல, யாரும் உட்கார மாட்டேங்குது.”

“வேடிக்கை அப்புறம். நோட்டை எடு.”

நோட்டை வாங்கிப் புரட்டினாள். நடுப்பகுதிக்குச் சற்று முன்னால் வரை எழுத்து. அதற்குப் பிறகு வெற்றுத் தாள்கள். கடைசிப் பதிவு போன வாரத்து ஒத்திகைக் கணக்கு. நேற்றைய தேதியில் ஒன்றும் இல்லை.

“நேத்து அவன் எண்ணவே ஆரம்பிச்சிருக்க மாட்டான்,” என்றேன்.

அப்போது காற்று வீசியது. நோட்டின் பின்பாதியிலிருந்து ஒரு தாள் தானாகக் கழன்று கரையைத் தாண்டிப் பறந்தது. “பிடி!” என்று ஹம்சா கத்த, ஜம்பு சரிவில் ஓடினான். அவன் சறுக்கி இறங்கிய வேகத்தில் உள்ளான்கள் கூச்சலோடு எழும்பின. திரும்பி வந்தபோது முழங்கால் வரை சேறு.

“ஒரு எழுத்து இல்ல மேடம். வெறும் பேப்பருக்குச் சேத்துல இறங்கின ஒரே துப்பறிவாளன் நான்தான்.”

“வெறும் பேப்பர்தான் பேசுது ஜம்பு.” அவள் அந்தத் தாளை நோட்டோடு வைத்துப் பார்த்தாள். “நடுவுல நூல் தைச்ச நோட்டு. முன்பாதித் தாளும் பின்பாதித் தாளும் ஒரே காகிதம். முன்னால ஒரு தாளைக் கிழிச்சா, பின்னால அதோட ஜோடி நிக்காது. இது தானா விழுந்த தாள். கிழிச்ச தாள் வேற.”

நூலோரம் ஒட்டியிருந்த மெல்லிய துண்டை விரலால் தடவினாள். நேரான கோடு. பிசிறே இல்லை. பிறகு பையிலிருந்து டாக்டர் நம்பர் எழுதிய என் தாளை எடுத்தாள். இரண்டு விளிம்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

“மடிச்சு, நகத்தால ரெண்டு தடவை இழுத்து,” என்றாள் மெதுவாக.

ஜம்பு என்னைப் பார்த்தான். கேலி செய்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் செய்யவில்லை.

“ராமமூர்த்தி சார். நேத்து உங்ககிட்ட மாற்றுச் சாவி இருந்தது. காரைத் திறந்திருக்கீங்க. இப்ப மணி நாலு. நீங்க காப்பாத்தறது என்னன்னு எனக்குத் தெரியலை. ஆனா உங்க தம்பியை இல்லை.”

அறுபத்தைந்து வயதில் ஒரு பெண் என்னை இப்படிக் கேட்டதில்லை. கேட்கும்படி நான் வைத்துக்கொண்டதில்லை. கோட்டின் பொத்தானைக் கழற்றி, உள்பையிலிருந்ததை எடுத்து நீட்டினேன்.

நான்காக மடித்த தாளை வாங்கி அவள் விரித்தாள். பறவைப் பெயர்கள், ஐந்தைந்தாகக் கட்டிய கோடுகள். எல்லாமே உருண்டையான ஒரு பெண்ணின் கையெழுத்து. மேலே இரண்டு வரிகள். ‘எண்ணியவர்: செந்தில்குமார். எழுதியவர்: ருக்மிணி.’ ருக்மிணி என்பதற்குப் பக்கத்தில் செல்போன் எண்.

“இதைப் பார்த்து என்ன நினைச்சீங்க?”

“விடியக்காலையில யாருமில்லாத இடத்துல ஒரு பொம்பளையோட வந்திருக்கான். பெண்டாட்டிகிட்ட சொல்லலை. போனும் ஆஃப். வேற என்ன நினைக்க?” கோட்டின் பொத்தானை மறுபடி போட்டேன். “ஒரு வாரத்துல தானா திரும்பி வருவான், யாருக்கும் தெரியாம முடிச்சுடலாம்னு நினைச்சேன்.”

அவள் நோட்டைப் பின்னுக்குப் புரட்டி என் முகத்துக்கு நேரே நீட்டினாள். பத்து வருஷப் பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அதே இரண்டு வரிகள். எண்ணியவர் செந்தில்குமார். எழுதியவர் ஷங்கர். எழுதியவர் ஷங்கர். எழுதியவர் ஷங்கர்.

“டெலஸ்கோப்புல கண்ணை வச்சவர் எடுக்கக் கூடாது சார். எடுத்தா ஆயிரம் வாத்துல எதுவரைக்கும் எண்ணினோம்னு தெரியாது. அதனால ஒருத்தர் எண்ணிச் சொல்லணும், ஒருத்தர் எழுதணும். நடுவுல ஆள் மாத்திப் பார்த்து சரிபார்ப்பாங்க. ஷங்கருக்குக் காய்ச்சல், வேற ஆள் வந்திருக்காங்க. ஒரு பக்கம் முன்னால திருப்பியிருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.”

“அந்தப் பொண்ணுதான் என் உசரம்,” என்று ஜம்பு தனக்குள் சொல்லிக்கொண்டான்.

ஹம்சா அந்த எண்ணை அழைத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஹலோ, கோன்?”

“ருக்மிணியா? தமிழ்ல பேசலாமா? செந்தில்குமார் சார் விஷயமா...”

“ஐயோ, சார் ஊர்லேர்ந்து வந்துட்டாரா? நான் டீச்சர் ருக்மிணி, ஜனக்புரியிலேர்ந்து. மீதிக் கணக்கைச் சொல்றேன்னார், இன்னும் சொல்லலியே. ஃபாரம் அனுப்ப இன்னிக்குத்தான் கடைசி.”

“அவர் ஊருக்குப் போகலைம்மா. நேத்துலேர்ந்து காணோம். கடைசியா எப்பப் பார்த்தீங்க?”

“ஒன்பதேகாலுக்கு. எனக்கு டியூஷன் இருந்தது, கிளம்பிட்டேன். எதிர்க்கரை மேட்டுக்குப் பின்னாடி வரித்தலை வாத்துக் கூட்டம் இருக்கு, இங்கேர்ந்து தெரியாது, வடகரைப் பழைய பம்ப் ஹவுஸ் மாடியில ஏறினா தெரியும்னார். படிக்கட்டு உளுத்துப்போயிருக்கு சார், வேண்டாம்னேன். பத்து வருஷமா ஏறுறேன்மா, போய்ட்டு போன் பண்றேன்னார். பண்ணலை. நான் பண்ணினா ஸ்விட்ச் ஆஃப். அதனால ராத்திரி எட்டரைக்கு அவர் வீட்டு லேண்ட்லைனுக்குப் பண்ணினேனே மேடம்!”

“யார் எடுத்தாங்க?”

“ஒரு பெரியவர். நான் பேரைச் சொல்லி, ஏரியிலேர்ந்து சார் வந்துட்டாரான்னு கேட்டேன். ஊருக்குப் போயிருக்கான், இனிமே இந்த நம்பருக்குக் கூப்பிடாதேன்னு வச்சுட்டார். அதான் நான்...” அவள் குரல் உடைந்தது. “அவர் ஏன் அப்படிச் சொன்னார் மேடம்?”

ஹம்சா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவன் இருக்கும் இடத்தைத் தெரிந்த ஒரே மனுஷி தானாகவே தேடி வந்து கதவைத் தட்டியிருக்கிறாள். கதவைச் சாத்தியது நான். நேற்று ராத்திரி டில்லியில் ஐந்து டிகிரி.

“பம்ப் ஹவுஸ்...” ஹம்சா சட்டென்று டெலஸ்கோப்பிடம் ஓடினாள். “ஜம்பு, சீட்டு காலின்னு சொன்னியே, எந்தக் கட்டடம்?”

“அதோ, மரத்துக்கு இடப்பக்கம்.”

“சார், வாங்க. பாருங்க.”

குனிந்து கண்ணை வைத்தேன். கலங்கிய வட்டத்துக்குள் தூரத்துக் கரை கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. கூரை பாதி விழுந்த செங்கல் கட்டடம். ஏரி முழுவதும் நெருக்கியடித்து மிதக்கும் நாமக்கோழிகள் அதற்கு முன்னால் மட்டும் அரைவட்டமாக இடம் விட்டு ஒதுங்கியிருந்தன.

“கட்டடத்துக்குப் பறவை பயப்படாது. மனுஷன் போடற சத்தத்துக்குத்தான் பயப்படும்,” என்றாள் ஹம்சா. “உள்ளே ஆள் இருக்கார். சத்தம் போட்டுக்கிட்டிருக்கார். உசுரோட இருக்கார் சார்.”

எத்தனை வருஷமாயிற்றோ, என் கண் அப்படி நிறைந்து. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். ஒரு நாமக்கோழி வட்டத்துக்குள் மெல்ல நீந்தி நுழைந்தது. பின்னாலேயே நான்கைந்து. பிறகு ஒரு கும்பல். காலி நீர் கரையைப் பார்த்துச் சுருங்கிக்கொண்டே போனது.

“உள்ளே வருது,” என்றேன். “எல்லாம் உள்ளே வருதும்மா.”

அவள் என்னைத் தள்ளிவிட்டுப் பார்த்தாள்.

“சத்தம் நின்னுடுச்சு. ஜம்பு, வண்டி! ஜல்தி!”

கரைமேல் சுற்றிப் போனால் நான்கு கிலோமீட்டர். ஜம்பு ஓட்டினான். கிளம்பும்போதே ஹம்சா போனை எடுத்தாள். நான் அதை அவள் கையிலிருந்து வாங்கினேன். போலீஸ் அவசர எண் நூற்றுப் பன்னிரண்டை நானே அழுத்தினேன். என் முழுப்பெயர், ஓய்வு பெற்ற பதவி, லோதி ரோடு விலாசம், தம்பியின் பெயர், அவன் அலுவலகம், எல்லாவற்றையும் இந்தியில் சத்தமாகச் சொன்னேன். “நேற்றிலிருந்து காணவில்லை. புகார் கொடுக்காதது என் தப்பு,” என்றேன். ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டான் எதிர்முனைப் போலீஸ்காரன். “நான் வேண்டாம் என்றேன்,” என்றேன். எழுதிக்கொள்ளட்டும் என்றிருந்தது.

பம்ப் ஹவுஸ் வாசலில் வண்டி நிற்குமுன் குதித்தேன். உள்ளே படிக்கட்டின் மேல்பாதி இல்லை. இற்று விழுந்த இரும்பு, பம்ப் இருந்த பள்ளத்துக்குள் கிடந்தது. அதன் அடியில், சேறும் செங்கலுமாக, அவன். வலது கால் இருக்கக் கூடாத கோணத்தில் மடிந்திருந்தது. கையில் ஒரு கல். பக்கத்தில் ஓடிய குழாயில் அந்தக் கல் பட்ட தழும்புகள் நூற்றுக்கணக்கில். கல் இப்போது அசையவில்லை.

“லே, செந்திலு!”

இமை மட்டும் அசைந்தது.

ஜம்பு எனக்கு முன்னால் பள்ளத்தில் இறங்கி, தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவன்மேல் போர்த்தினான். “அண்ணாத்தே, டெர்மினஸ் வந்துடுச்சு, தூங்கக் கூடாது,” என்றான்.

நானும் எப்படியோ இறங்கி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். உதடு வெடித்திருந்தது. மூச்சில் பழுத்த பழத்தின் வாடை, இன்சுலின் இல்லாமல் சர்க்கரை ஏறிய வாடை.

“அண்ணே... நீங்க எதுக்கு வந்திய?”

ஹம்சா மேலேயிருந்து சொன்னாள்: “ஆம்புலன்ஸ் இருபது நிமிஷத்துல வந்துடும். டாக்டர்கிட்டயும் பேசிட்டேன். அதுவரைக்கும் தூங்க விடாதீங்க. பேச வையுங்க சார், எதையாவது பேச வையுங்க!”

பேச. நாற்பத்தொன்பது வருஷத்தில் அவனிடம் நான் உத்தரவுதான் போட்டிருக்கிறேன். எதைக் கேட்பது என்று தெரியவில்லை. அவன் கண் மறுபடி செருகியது.

“டீச்சர்...” என்று முனகினான். “டீச்சர் போன் பண்ணலையாண்ணே?”

“பண்ணுனா. நான்தான் எடுத்தேன்.”

அவன் என்னைப் பார்த்தான். புரிந்ததா என்று தெரியவில்லை. புரியாமலிருக்கட்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை.

“ஹம்சாம்மா, அந்தத் தாளைத் தா,” என்றேன்.

அவள் நீட்டினாள். என் பேனாவை எடுத்தேன். தாளைத் தொடைமேல் வைத்து, மடிப்பை நீவிவிட்டேன்.

“லே, அந்த மேட்டுக்குப் பின்னால இருந்ததை எண்ணினியா, இல்லையா?”

உதடு அசைந்தது. “எண்ணிட்டேன்... எண்ணிட்டுத் திரும்பும்போதுதான்...”

“அப்பச் சொல்லு. நான் எழுதுதேன். வரித்தலை வாத்து எத்தனை?”

“நூத்தி... பன்னெண்டு.”

எழுதினேன். என் எழுத்து என் எழுத்தாகவே இல்லை.

“அடுத்தது?”

“ஊசிவால்... முன்னூத்தி... நாப்பது.”

“நாப்பதா, நாப்பத்தொண்ணா? சரியாச் சொல்லு லே. ஃபாரம் அனுப்ப இன்னைக்குத்தான் கடைசி.”

அவன் முகத்தில் ஏதோ ஒரு கோடு விழுந்தது. சிரிப்பாக இருக்கலாம். “நாப்பது,” என்றான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான். வெளியே வெளிச்சம் செங்கல் நிறத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீரில் ஆயிரம் தொண்டைகள். அவற்றுக்கு அப்பால், கரைமேல் எங்கோ, சைரன் சத்தம் போலவும் இருந்தது, இல்லை போலவும் இருந்தது.

தாளின் தலையில் ‘எழுதியவர்’ என்ற இடத்தில் ருக்மிணியின் பெயருக்குக் கீழே ஒரு வரி காலியாக இருந்தது. அங்கே ராமமூர்த்தி என்று எழுதினேன். பிறகு குனிந்து என் காதை அவன் வாயருகே கொண்டுபோனேன்.

“எழுதிட்டேன். அடுத்தது சொல்லு லே.”

மூச்சு என் காதில் பட்டது. அதோடு சேர்ந்து, மிக மெல்லிசாக, ஒரு எண் வந்தது.